ஜீப்பின் நடுக்கம்

ஏலம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் போடிநாயக்கனூருக்குப் பொருந்தும். மலையில் விளைவதும் ஏலம். ஊருக்குள் விலைப் போட்டியில் விற்பதும் ஏலம். இந்த இரண்டு ஏலத்துக்கும் நடுவே ஓடிக் கொண்டிருப்பது ஜீப். ரயில் பாதை போடியோடு நின்று விடுகிறது. அதற்கு மேல் போடிமெட்டு வரையில் 15-க்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்பே ஜீப்புகள் தோட்ட வேலைக்குப் போகும் ஸ்திரீகளை ஏற்றிக் கொண்டு வரிசையாகக் கிளம்பும்.

இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்த வாகனம் இது. பின்னர் மகீந்திரா கம்பெனியார் பம்பாயில் இதைப் பொருத்தி விற்கலானார்கள். யுத்தம் முடிந்து போயிற்று. ஜீப்புக்கு மட்டும் நமது மலையில் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

நாம் உத்தியோகத்தினால் உபாத்தியாயர். ஆனால் குடும்பத்துக்கு மலைமேல் சிறிது ஏலத்தோட்டம் உண்டு. அதற்கென ஒரு பழைய ஜீப்பும் உண்டு. நாம் இப்போது பாடம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள் எல்லோரையும் விட அதற்கு வயது அதிகம். சென்ற காய்ப்பறிப்புக் காலத்தில் அதற்கு நடுக்கம் கண்டது. சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் கையில் நில்லாமல் இடமும் வலமும் உதறும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் அடங்கும். நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை நாலு விரற்கடை திருப்பின பிறகே வண்டி திரும்ப யோசிக்கும்.

ஒரு பட்டறையில் காட்டினோம். ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகை இரண்டு சுற்று இறுக்கி, "சரியாகி விட்டது, ஸார்" என்று அனுப்பி விட்டார்கள். லூஸ் குறைந்தது வாஸ்தவம். ஆனால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப மறுத்தது, உதறலும் நிற்கவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் உடம்பைக் கட்டிலோடு கட்டிப் போடுவது போன்ற வைத்தியம் இது.

நமது டிரைவர் நீண்ட காலம் இந்த மலையில் ஓட்டியவர். "திருகு கடைசியில்தான், ஸார். முதலில் எந்த இடத்தில் ஆட்டம் காணாமல் போகிறதென்று பார்ப்போம்" என்றார். திருகைப் பழையபடி தளர்த்தினோம். இஞ்சினை நிறுத்தி, சக்கரங்கள் தரையிலிருக்கும்படியே நாம் ஸ்டியரிங்கை இலேசாக இப்படியும் அப்படியும் அசைத்தோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியிலிருந்து சக்கரம் வரையில் ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துக் கொண்டே போனார். ஒரு மூட்டின் இப்புறம் அசைந்து அப்புறம் அசையாவிட்டால், திருடன் அங்கேதான் இருக்கிறான். டை ராடின் ஒரு முனையில் அகப்பட்டான்.

ஆனால் அது ஒருவனே. அடுத்தபடி முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். 'டொக், டொக்' என்றது. இதற்குச் சக்கரத்தின் பேரிங்கும் காரணமாகலாம், கிங் பின் பேரிங்கும் காரணமாகலாம். பிரித்தறிய ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது. ஒருவர் பிரேக்கை அழுத்திக் கொண்டிருக்க, மறுபடியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் சக்கரப் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். எங்களுக்கு நிற்கவில்லை.

எல்லா நடுக்கமும் ஒரே வியாதியல்ல என்பதையும் அன்று தெரிந்து கொண்டோம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கினால், சக்கரத்தின் எடை ஒத்திருக்கிறதா, ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது மட்டுமென்றால் டிரம்மைச் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங்கை விட ஆசனத்தில் அதிகம் தெரிந்தால் புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். குழியில் விழுந்தவுடன் உதறுவதோ கிங் பின், டை ராடு, ஸ்பிரிங் பட்டையின் புஷ், தளர்ந்த யு போல்ட் ஆகியவற்றின் கைவரிசை. உதறலை அமுக்க ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை மாட்டி விடலாம் என்போரும் உண்டு. அது குற்றத்தை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

பேரிங்குகளை மாற்றி, ஷிம் தகடுகளை அளவாக வைத்துப் பொருத்தி, டை ராடு முனையும் புதிதாக்க நாலு நாட்கள் பிடித்தன. அந்த நாலு நாட்களும் லேசானவையல்ல. ஏலக்காய் பறிக்கிற பக்குவம் தப்பினால் காய் பழுத்து, உலர்த்தும்போது வெடித்து விடும். வெடித்த காய்க்கு விலை ஏது? "மெதுவாக ஓட்டிக் கொண்டு இன்னும் ஒரு நடை போய் வந்து விடலாமே" என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. டிரைவர் சாவியை ஆணியில் மாட்டி விட்டு, "காயை மட்டும் ஏற்றுவதானால் போகலாம், ஸார். ஆட்களை ஏற்ற மாட்டேன்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ஜீப்பின் பின்புறத்தில் தூக்குச் சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு டை ராடு என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்து கொள்ள வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. அந்தக் கடமை வண்டி வைத்திருப்பவர்களுடையது. அதைச் செய்ய ஒரு ஜாக்கியும், இரண்டு ஆட்களும், அரை மணி நேரமும் போதும்.