ஒரு பென்சிலும் ஒன்பது இன்னிங்ஸும்

நம் கல்லூரியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த நாளில் எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான். அதுவும் ஆட வராது. ஸ்கோர் எழுத வரும்! அப்பா பழக்கிவிட்டது. ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு, பழைய கணக்கு நோட்டில் ஓவர் ஓவராக எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை.

அப்பா காலமான மறு வருஷம், 2014-ல், வேலைக்காக அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் போனேன். வாரத்தில் ஐந்து நாள் எப்படியோ ஓடிவிடும். சனி, ஞாயிறு வந்தால்தான் திண்டாட்டம். பேச ஆள் கிடையாது. ஒரு சனிக்கிழமை ரயிலில் இருந்து நீலச் சட்டைக் கூட்டம் ஒன்று இறங்கியது. என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று நானும் பின்னாலேயே போனேன். அது ரிக்லி ஃபீல்டு, சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி ஆடும் மைதானம். 1914-ல் திறந்தது, அந்த வருஷம் அதற்கு நூறு வயது! எல்லைச் சுவர் முழுக்கப் பச்சைக் கொடிகள் படர்ந்திருந்தன. 1937-ல் வைத்த ஸ்கோர் போர்டில் ஆட்கள் உள்ளே இருந்து கையால்தான் எண்களை மாற்றினார்கள்.

டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேனே தவிர, ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் மடியில் ஒரு அட்டையை வைத்துப் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்!

பந்து வீசுபவர் 1, அதைப் பிடிப்பவர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3 என்று ஒன்பது பேருக்கும் எண் உண்டாம். ஷார்ட் ஸ்டாப்புக்கு 6. அவர் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ஆளை அவுட்டாக்கினால் '6-3'. மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் என்றால் ஆங்கில 'கே' எழுத்து. கடைசிப் பந்துக்கு மட்டையை வீசாமல் நின்றே அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். டிராயிங் ஹாலில் சிம்பல் படித்த நமக்கு இது பெரிய விஷயமா? மூன்றாவது இன்னிங்ஸில் பென்சில் என் கைக்கு வந்தது. ஏழாவதில் பின்வரிசைப் பாட்டி என்னிடமே சந்தேகம் கேட்டார்!

பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் போனேன். என் ஊர், சம்பளம் எதையும் அங்கே யாரும் விசாரிக்கவில்லை. "போன ஆட்டம் பார்த்தாயா?" என்றுதான் கேட்டார்கள். 1908-க்குப் பிறகு கப்ஸ் பட்டமே ஜெயிக்காத அணி. ஆனாலும் சலிக்காத கூட்டம் அது.

2016-ல் கப்ஸ் இறுதித் தொடருக்கு வந்தது. ரசிகர்கள் மைதானத்தின் வெளிப்புறச் செங்கல் சுவரில் சாக்பீஸால் பெயர் பெயராக எழுதினார்கள். வெற்றியைப் பார்க்காமலே போய்விட்ட அப்பாக்கள், தாத்தா பாட்டிகளின் பெயர்கள். பெரியவரும் தன் அப்பா பெயரை எழுதிவிட்டுச் சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"என் அப்பாவுக்குப் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாதே!" என்றேன்.

"உனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே?" என்றார்.

தமிழிலேயே எழுதினேன். கை நடுங்கியது.

நவம்பர் 2 இரவு, கிளீவ்லாந்தில் ஏழாவது ஆட்டம். பெரியவர் வீட்டு டி.வி. முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். நடுவில் மழை வந்து நின்று, பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸ் ஜெயித்தது. 108 வருஷத்துக்குப் பிறகு! பெரியவர் அழுதார். நானும்தான்.

தம்பி, தங்கைகளே! படிப்பை முடித்து எந்த ஊருக்குப் போனாலும், "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் காத்திருக்கிறது. இப்போதெல்லாம் புதிதாக யாராவது என் அட்டையை எட்டிப் பார்த்தால் நானும் விடுவதில்லை!