ஹெரால்டின் முதல் கியர்

சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பார்வைக்குக் குடும்பக் கார்தான் என்றாலும், 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் அடிச்சட்டமும் கியர் பாக்ஸும் ஹெரால்டிலிருந்து கிளைத்தவையே. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியதில் வியப்பில்லை. அக்காலத்து ஃபியட்டிலும் அம்பாசடரிலும் ஸ்டீயரிங்குக்கு அடியில் நீண்டிருந்த கியர் ராடு, இதில் தரையிலிருந்து குட்டையாக எழுந்து இடக்கைக்கு நேராக நிற்கிறது.

இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு மட்டுமே இதில் சின்க்ரோமெஷ் உண்டு. அதாவது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களைப் பித்தளை வளையத்தின் உராய்வால் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே கோக்கவிடும் அமைப்பு. முதல் கியருக்கு அந்த உதவி கிடையாது.

நீலாங்கரையைத் தாண்டி முட்டுக்காடு நோக்கிப் போகையில் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றுவது சுகமானதுதான். ஆனால் அதை யாரும் செய்துவிடலாம். ஓட்டுபவரின் கைத்திறன் தெரிவது திருவான்மியூர் சிக்னலை நோக்கி எல்.பி. சாலையில் ஊரும் மாலை நெரிசலில், வண்டி முழுதும் நிற்காமலும் இரண்டாம் கியரில் இழுக்காமலும் திணறும் அந்தச் சில அடிகளில்தான். அப்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தட்டி உள்ளே சுழலும் தண்டின் வேகத்தை ஏற்றி, மீண்டும் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்கள் நாள் முழுதும் செய்துவந்த ‘டபுள் கிளட்ச்’ இதுவே. தட்டியது குறைந்தாலும் கூடினாலும் பற்கள் கரகரக்கும், பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

நின்றபின் முதல் கியரைப் போடுவதற்கும் ஒரு வழி உண்டு. கிளட்சை மிதித்தாலும் உள்தண்டு சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்குமாதலால், ராடை முதலில் இரண்டாம் கியர்ப் பக்கம் லேசாக அழுத்தினால், அதன் பித்தளை வளையம் தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். உடனே முதல் கியர் சத்தமின்றி விழும். அப்படியும் கரகரத்தால், கியர் பாக்ஸைப் பழிக்குமுன் கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பார்ப்பது முறை.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் கூடாது. ‘ஜிஎல்-5’ தரத்து எண்ணெய்கள் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடியவை என்பதால், எண்ணில் சிறிய ‘ஜிஎல்-4’தான் இதற்கு ஏற்றது. பெட்டியையே இறக்க நேர்ந்தாலும் வண்டிக்கு அடியில் படுக்கத் தேவையில்லை. இரு முன்னிருக்கைகளுக்கும் இடையிலுள்ள மூடியைக் கழற்றி, உள்ளிருந்தபடியே வெளியே எடுக்கலாம்.

ராடின் அடியிலுள்ள புஷ்கள் தேய்ந்தால், ஓட்டத்தில் ராடு சலசலக்கும். அதை அடக்கக் கையை அதன்மேலேயே வைத்து ஓட்டுவோர் பலர். அந்தக் கைப்பாரம் உள்ளே கியரை நகர்த்தும் கவையை ஓயாமல் தேய்ப்பதால், சில ரூபாய் புஷ்ஷை மாற்றிவிடுவதே மலிவு.