சேற்றில் ஒரு கால், சறுக்கு வண்டியில் ஒரு கால்

ஒரு பழைய பிக்-அப் வண்டி இருக்கிறது. 1970களில் வந்த ஃபோர்டு எஃப்-250 என்று வைத்துக் கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும். சனிக்கிழமை அதைத் திடலுக்குக் கொண்டுபோய், பல டன் எடையுள்ள ஓர் இரும்பு வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இடுப்பளவு சேற்றுக் குழியில் இறக்கி அக்கரை ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை காலை அதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டும்.

முடியுமா?

அமெரிக்காவின் ஒஹையோ, மிசௌரி, இண்டியானா மாதிரியான மாநிலங்களில் 'ஏன் முடியாது?' என்று கேட்டு, வீட்டுக் கொட்டகையில் வெல்டிங் மெஷினோடு உட்கார்ந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு அது வீட்டிலிருக்கும் ஒரே வண்டி. அதனால்தான் இந்தக் கதையைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

முதலில் அந்த இரும்பு வண்டி. இதற்கு ஸ்லெட் என்று பெயர், சறுக்கு வண்டி. பார்க்க நீளமான லாரி டிரெய்லர் மாதிரி இருக்கும். பின்னால் மட்டும் சக்கரம். முன்பகுதியில் சக்கரம் கிடையாது, தரையோடு படிந்திருக்கும் ஒரு பெரிய இரும்புத் தட்டுதான். மேலே தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒரு எடைப்பெட்டி. புறப்படும்போது பெட்டி பின்சக்கரங்களுக்கு மேலே இருப்பதால் வண்டி லேசாக உருளும். இங்கேதான் சூட்சுமம். சறுக்கு வண்டியின் சக்கரம் சுழலச் சுழல, அந்தச் சுழற்சியே பெட்டியை முன்னால் நகர்த்திக்கொண்டு வரும். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்திலிருந்து இறங்கி, தட்டின் மேல் ஏறும். தட்டு மண்ணைக் கவ்வும். அதாவது எவ்வளவு தூரம் இழுக்கிறீர்களோ, அவ்வளவு கனமாகிக்கொண்டே போகும் ஒரு சுமை! (வட்டிக்கு வாங்கிய கடன் ஞாபகம் வந்தால் தப்பில்லை.)

300 அடி இழுத்துவிட்டால் 'முழு இழுவை'. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் 300 அடியைத் தொட்டால் எடையைக் கூட்டி மறுபடியும் இழுக்க வேண்டும். மற்றவர்கள் எங்கே நின்றார்களோ அதுதான் அவர்கள் அளவு.

ஆரம்பத்தில் இதெல்லாம் குதிரைகளின் வேலை. யாருடைய ஜோடி பலசாலி என்று விவசாயிகளுக்குள் போட்டி. 1929ல் மிசௌரியின் பௌலிங் கிரீனிலும் ஒஹையோவின் வான்ஸ்வில்லிலும் டிராக்டர்கள் களமிறங்கின. அன்றைய சறுக்கு வண்டியில் இத்தனை இயந்திரமெல்லாம் இல்லை. பாதையோரம் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், வண்டி தாண்டும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். அப்படித்தான் சுமை கூடும். 1967லிருந்து இன்னொரு பௌலிங் கிரீனில், இது ஒஹையோவில் இருப்பது, தேசிய டிராக்டர் இழுவைப் போட்டி நடந்துவருகிறது. 1969ல் தேசிய டிராக்டர் இழுப்போர் சங்கம் பிறந்து, மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்த விதிகள் ஒன்றாயின. டிராக்டர் இழுத்தால் பிக்-அப்பும் இழுக்காதா? அதுவும் வந்து சேர்ந்தது.

சேற்றுப் போட்டிக்கு இப்படிப்பட்ட வரலாறெல்லாம் தேவைப்படவில்லை. மழை பெய்த வயலும், 'உன் வண்டியால் இதைத் தாண்ட முடியாது' என்று சொல்ல ஒரு நண்பனும் போதும். சில இடங்களில் ஆழமில்லாத நேர்ப்பாதை, கடக்கும் நேரம்தான் கணக்கு. சில இடங்களில் ஆழக்குழி. எவ்வளவு தூரம் போய் மாட்டிக்கொண்டீர்கள் என்று அளப்பார்கள்.

இரண்டுக்கும் 'பெரிய எஞ்சின் போட்டால் போச்சு' என்றுதான் முதலில் தோன்றும். வண்டி கட்டுகிறவர்களில் பலர் ஆரம்பிப்பதும் அங்கேதான். ஃபோர்டு என்றால் 460 கன அங்குல எஞ்சின், ஏறக்குறைய ஏழரை லிட்டர். ஷெவர்லே என்றால் 454. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 250 குதிரைச்சக்தியைக்கூடத் தொடாத அந்த ஃபோர்டு எஞ்சினை, கேம் ஷாஃப்ட் மாற்றி, சிலிண்டர் ஹெட்டைச் செதுக்கி, பெரிய ஹாலி கார்புரேட்டர் வைத்து இருமடங்காக்கிவிடலாம். ஆனால் அந்தச் சக்தி தரையில் இறங்க வேண்டுமே! சேறும் சறுக்கு வண்டியும் அடித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

சறுக்கு வண்டிக்கு எடை வேண்டும். விதி அனுமதிக்கும் கடைசிப் பவுண்டு வரை ஏற்றிக்கொள்வார்கள். அதையும் முன்பக்கம் பம்பருக்கு முன்னால் தொங்கவிடுவார்கள். ஏனென்றால் பின்னால் சுமை இழுக்க இழுக்க, வண்டியின் மூக்கு மேலே தூக்கும். முன்சக்கரம் தரையை விட்டால் நான்கு சக்கர இழுவை இரண்டு சக்கர இழுவையாகிவிடும். சேறு இதற்கு நேர்மாறு. எடை கூடினால் மூழ்கும், மூக்கில் எடை கூடினால் மூக்கிலிருந்து மூழ்கும்.

சறுக்கு வண்டிக்கு ஸ்பிரிங் அசையக்கூடாது. கொக்கியின் உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை ஒட்டி வைத்தால்தான் பின்சக்கரத்தில் பாரம் நன்றாக விழும். ஸ்பிரிங் அமுங்கினால் கொக்கியும் தாழ்ந்துவிடும். அதனால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரும்புக் கட்டையைச் செருகி, ஸ்பிரிங்கையே வேலை செய்யவிடாமல் பண்ணிவிடுவார்கள். சேற்றுக் குழியிலோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இன்னொன்று மேட்டில் இருக்கும். அச்சு தாராளமாக ஆட வேண்டும். இரும்புக் கட்டையோடு அங்கே போனால் இரண்டு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

கியர் கணக்கு இதைவிட சுவாரஸ்யம். அந்தக் காலத்து ஃபோர்டு பிக்-அப்களில் வந்த என்.பி.435 கியர்பாக்ஸில் முதல் கியர் 6.69. என்.பி.205 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 1.96. அச்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 54. எஞ்சினின் முறுக்குவிசை 54 மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. மலையையே இழுக்கலாம் போலிருக்கிறதே! ஆனால் எஞ்சின் 4000 சுற்று சுற்றும்போது சக்கரம் வெறும் 74 சுற்றுதான் சுற்றும். 44 அங்குல டயர் போட்டாலும் மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டாது. சேற்றில் இது சாவு. டயர் வேகமாகச் சுழன்றால்தான் பட்டன்களுக்கு நடுவில் அப்பிய சேற்றைத் தூக்கி எறியும். எறியவில்லை என்றால் சில விநாடிகளில் அது டயர் இல்லை, நான்கு மண் உருண்டைகள். மூன்றாம் கியருக்கு வந்தால் பெருக்கம் 13 மடங்கு, சக்கர வேகம் மணிக்கு 63 கிலோமீட்டர். சேற்றுக்கு அது சரி. ஆனால் வேகத்தை வாங்கும்போது இழுவிசையைக் கொடுத்துவிடுகிறீர்கள். அதை ஈடுகட்ட இன்னும் பெரிய எஞ்சின்!

சரி, பெரிய எஞ்சினும் வைத்தாயிற்று. இனிமேல் உடைய ஆரம்பிக்கும்.

முதலில் கிளட்ச் வழுக்கும். வலுவான கிளட்ச் போட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் தெறிக்கும். அதைப் பெரிதாக்கினால் அச்சுத் தண்டு முறுக்கிக்கொள்ளும். தண்டை மாற்றினால் கிரவுன்-பினியன் பல் போகும். ஒவ்வொரு பாகமும், தன்னைவிடப் பலவீனமான இன்னொன்று முன்னால் உடைந்துகொண்டிருந்ததால்தான் இத்தனை நாள் பிழைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரியும். உடைகிற விதமும் வேறு வேறு. சறுக்கு வண்டியில் பாரம் சீராக ஏறும். வண்டி குதிக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. சேற்றில் ஆபத்து அக்கரையில் காத்திருக்கும். வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும், எஞ்சினின் மொத்த வேகமும் ஒரே அடியாக அச்சில் இறங்கும். 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கரையேறியாச்சு என்று கூட்டம் கைதட்டும்போது, ஓட்டுகிறவருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கும்.

இந்த உடைசலின் உச்சம் ஒரு மனிதரின் கதை. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் பக்கத்தைச் சேர்ந்த பாப் சாண்ட்லர், கட்டுமான வேலைக்காரர். 1974ல் ஒரு எஃப்-250 வாங்கினார். காடுமேடெல்லாம் ஓட்டினார், உடைத்தார். உதிரிபாகம் அந்தப் பக்கத்தில் கிடைக்கவில்லை. எரிச்சலில், மனைவி மர்லினோடும் நண்பர் ஜிம் கிரேமரோடும் சேர்ந்து தானே ஒரு கடை ஆரம்பித்துவிட்டார்! தன் வண்டியையே நடமாடும் விளம்பரமாக்கினார். பெரிய டயர் போட்டார், அதற்குப் பெரிய அச்சு தேவைப்பட்டது. அச்சு தாங்கியதும் இன்னும் பெரிய டயர். கடைசியில் ராணுவ லாரியின் அச்சுகளே உள்ளே வந்து, பின்சக்கரங்களும் திரும்ப ஆரம்பித்தன. எல்லாவற்றையும் உடைப்பதற்கு அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் 'பெரிய கால்'தான் காரணம் என்று கடையில் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலே வண்டிக்குப் பெயராயிற்று: பிக்ஃபுட்.

பிக்ஃபுட் அந்த நாட்களில் சேற்றிலும் இறங்கியது, சறுக்கு வண்டியும் இழுத்தது. 1979ல் காசு கொடுத்துக் காட்சிக்கு அழைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1981ல் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களை நிறுத்தி அவற்றின்மேல் ஏற்றி வீடியோ எடுத்தார்கள், கடையில் போட்டுக் காட்டுவதற்காக. அதைப் பார்த்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர், கூட்டத்தின் முன்னால் செய்யச் சொன்னார். பொருளை நாசம் செய்வது நல்ல பெயர் தராது என்று சாண்ட்லர் முதலில் தயங்கியதுதான் இதில் வேடிக்கை. 1982ல் மிச்சிகனின் பான்டியாக் சில்வர்டோமில், 66 அங்குல டயர்களோடு கார்களை நசுக்கியபோது கூட்டம் எழுந்து நின்றது. மான்ஸ்டர் டிரக் என்ற தொழில் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

கணக்குப் பதிவியல் படிக்கிற எவரையும் இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். சாண்ட்லர் உடைத்த ஒவ்வோர் அச்சையும் செலவுப் பக்கத்தில் எழுதுவதா, விளம்பரப் பக்கத்தில் எழுதுவதா? அவருக்குக் கடை இருந்தது. உடைந்தது வீண் போகவில்லை. அதே 66 அங்குல டயரால் வேறொன்றும் நடந்தது. சேற்றுக்காகவும் இழுவைக்காகவும் ஆரம்பித்த வண்டி, கடைசியில் இரண்டுக்கும் உதவாத உயரத்துக்குப் போய் மூன்றாவதாக ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் அந்த யோகம் வாய்க்காது.

மற்றவர்களுக்கு வழி என்ன? பலர் ராணுவம் கழித்த எம்35 லாரியின் இரண்டரை டன் அச்சைத் தேடிப் போகிறார்கள். அதன் விகிதம் 6.72. பெரிய டயருக்குப் பொருத்தம், உடைப்பதும் சுலபமில்லை. ஆனால் பயங்கர கனம், நெடுஞ்சாலையில் ஓட்டினால் எஞ்சின் கதறும். அதாவது திங்கட்கிழமையைக் கைவிட வேண்டும். வேறு சிலர் இரண்டு ஜோடி டயர் வைத்துக்கொள்கிறார்கள், இரும்புக் கட்டைகளைப் போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிறார்கள், முன் எடைகளைக் கையாலேயே ஏற்றி இறக்குகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி முழுக்க இதற்கே சரியாகப் போய்விடும். இப்படிக் கட்டிய வண்டி இரண்டு போட்டியிலும் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வரும். இழுவைக்கென்றே கட்டியவனை இழுவையில் ஜெயிக்காது, சேற்றுக்கென்றே கட்டியவனைச் சேற்றில் ஜெயிக்காது. ஊர்ப் பொருட்காட்சிகளில் முதல் பரிசு வாங்கினாலும் அது ஓர் அச்சு வாங்கப் பத்தாது என்பது வேறு விஷயம். அப்படியும் ஒரு வண்டியையே இரண்டுக்கும் கொண்டுவருகிறவர்கள்தான் அந்தத் திடலில் பார்க்க வேண்டியவர்கள். மற்றவர்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றி வருவார்கள். இவர்கள் ஓட்டிக்கொண்டு வருவார்கள், அதே வண்டியில் திரும்பிப் போயாக வேண்டும் என்ற பயத்தோடு.

அந்தப் பயம் கட்டும் விதத்திலேயே தெரியும். ரேடியேட்டரில் சேறு அடைக்கும் என்று அதைக் கழற்றிப் பின்தொட்டியில் வைத்து மின்விசிறி மாட்டியிருப்பார்கள். டிஃபரன்ஷியல் மூச்சுவிடும் துளையில் குழாய் செருகி, எஞ்சின் உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். சூடான அச்சு சேற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், தண்ணீரை உறிஞ்சிவிடும். ஷாஃப்ட் அறுந்தால் தரையில் குத்திவிடாமல் இருக்க அதைச் சுற்றி இரும்பு வளையம். கிளட்ச் வெடித்தால் காலைக் காப்பாற்ற உருக்குக் கவசம். சறுக்கு வண்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினால் எஞ்சினை அணைக்க, பின்னால் ஒரு இழுப்பு சுவிட்ச்.

இத்தனைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலை முடிவதில்லை. வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கீழே படுத்து, டிஃபரன்ஷியலின் அடியில் ஒரு தட்டை வைத்து மூடியைத் தளர்த்துகிறார்கள். எண்ணெய் கறுப்பாக வந்தால் மறுபடியும் மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். பால் கலந்த தேநீர் மாதிரி வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங் வரை கழற்றியாக வேண்டும். மணி பதினொன்று, காலை ஏழு மணிக்கு வேலை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் குந்தியிருப்பார்கள்.