தறி நின்ற நேரம்

இலங்கைக்குப் போகும் சுற்றுலாக்களில் இப்போது ஒரு தனி ரகம் உண்டு. கூட்டம் சின்னது, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். கோயிலும் கடற்கரையும் பேருக்குத்தான். பாத்திக் சாயம் போடும் கொட்டில், கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய், வெலிகமவில் பெண்கள் சின்னச் சின்ன மரக்கட்டைகளை உருட்டிப் பின்னும் பீரலு லேஸ், யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டி என்று கைவேலை நடக்கிற இடங்களாகப் பார்த்து அழைத்துப் போவார்கள். நண்பர் ஒருவர் அப்படியொரு சுற்றுலாவின் கட்டண விவரத்தைக் கொண்டுவந்து காட்டினார். தொகையைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: இதையே நம்ம விழுப்புரம் ஜில்லாவில் செய்தால் என்ன? வேன் வாடகையும் டிபன் காசும்தானே ஆகும்!

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திண்டிவனம் ஒரு புறவழிச்சாலை, விழுப்புரம் ஒரு ஜங்ஷன். இறங்கிப் பார்க்க இங்கே என்ன இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள். ஆனால் துணியைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வட்டாரம் வேறு மாதிரி தெரிகிறது. வயலில் நிற்கும் சாயச் செடியில் தொடங்கித் தறியில் இறங்கும் புடவை வரை ஒரு மணி நேரப் பயணத் தூரத்துக்குள் பார்த்துவிடலாம்.

முதலில் போனது திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்றிலிருக்கும் அவுரித் தொட்டிக்கு. நாட்டு மருந்துக் கடையில் தலைக்குப் போட அவுரிப் பொடி கேட்டு வாங்குகிறோமே, அதே செடிதான். அறுத்த செடியைக் காயவிடக் கூடாது. அன்றே தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். மேல் தொட்டியில் கட்டுக் கட்டாக அடுக்கி, மிதக்காமல் இருக்கக் கட்டைகளால் அழுத்தி, தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறப்போடுகிறார்கள். விடியும்போது தண்ணீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வந்திருக்கும். நீலத்தின் சாயல்கூட அதில் இருக்காது. மதகைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்கு விடுகிறார்கள். அங்கே ஆட்கள் வரிசையாக இறங்கி நின்று, கால்களால் தண்ணீரை உதைக்கத் தொடங்குகிறார்கள். ஒரே தாளம், ஒரே வேகம். காற்று கலக்கக் கலக்கத் தண்ணீர் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறுகிறது. மேலே எழும் நுரையே நீலமாக இருக்கிறது. உதைப்பவர்களின் தொடை வரை நீலம் ஏறியிருக்கிறது.

பிறகு தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலை எடுத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தித் துண்டு போட்டு நிழலில் உலர்த்துகிறார்கள். மலைபோல் குவிந்திருந்த செடியிலிருந்து கடைசியில் கிடைப்பது சில கட்டிகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே செம்பு நிறப் பளபளப்பு ஓடுகிறது.

தொட்டியில் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். எங்களுக்காக அங்கே யாரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. ஊறல் ஒரு மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் சாயம் கெட்டுவிடும். உதைப்பை நடுவில் விட்டாலும் அப்படித்தான். “ஓரமா நின்னு பாருங்க சார், மேல தெறிக்கும்” என்று சொன்ன மேஸ்திரி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. பழைய தென்னாற்காடு, சென்னை ராஜதானியில் அவுரிக்குப் பேர்போன ஜில்லாக்களில் ஒன்று. பக்கத்தில் புதுச்சேரி. பிரெஞ்சு வியாபாரிகள் அங்கிருந்து ‘கினே’ என்ற கருநீலத் துணியை மூட்டை மூட்டையாக ஆப்பிரிக்காவின் செனெகலுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தத் துணிதான் காசு. அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அதற்கும் வெகு முன்னால் போனால் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு. 1945-இல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், செங்கல் தொட்டிகளைக் கண்டு, இவை துணிக்குச் சாயம் போட்டவை என்று கருதினார். அந்த நீண்ட கதை திரும்பியது 1897-இல்: ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி ரசாயன நீலத்தைச் சந்தைக்கு இறக்கியது. சில ஆண்டுகளில் இந்தியா முழுக்க அவுரி வயல்கள் சுருங்கின. இயற்கைச் சாயத்துக்கு மறுபடி வெளிநாடுகளில் கிராக்கி வந்ததால்தான் திண்டிவனத்துத் தொட்டிகளில் இன்றும் ஆட்கள் உதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கட்டி துணியில் ஏறுவதைப் பார்க்க ஆரோவில் போக வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கம் என்று பேர். பெரும்பகுதி இருப்பது விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில். ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்ற சாயப் பட்டறை 1993 முதல் அங்கே நடக்கிறது. அவுரி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் சேர்த்துப் புளிக்கவைத்தால்தான் சாயம் இளகித் துணிக்குள் இறங்கும். தோசை மாவைப் போல இதற்கும் பக்குவம் பார்க்கத் தெரிந்த மூக்கு வேண்டும். முக்கி எடுத்த துணி முதலில் பச்சையாகத்தான் வருகிறது. காற்றுப் பட்டதும், நம் கண் முன்னாலேயே, ஓரத்திலிருந்து நீலம் பரவுகிறது. ஆரோவில்லில் கைவேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வகுப்பு உண்டு, வகுப்புக்குக் கட்டணமும் உண்டு. நேரம் சொல்லி வருகிறார்கள், பணம் கட்டுகிறார்கள், கற்றுக்கொண்டு போகிறார்கள். இதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் வளவனூரிலிருந்து உள்ளே போனால் சிறுவந்தாடு. பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். இங்கே பட்டறை என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்திலேயே தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதியை மிதித்தபடி ஓர் அம்மா நெய்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் துளை போட்ட அட்டைகள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் ஒவ்வோர் ஊடைக்கும் இரண்டையும் இணைக்கும் கோர்வை வாங்க வேண்டும்; மறுமுனையில் பள்ளிக்கூடம் முடித்த பெண் ஒருத்தி நாடாவை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் தறி நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு நெய்துகொண்டிருப்பது மரியாதை இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த அம்மா குழியிலிருந்து காலை எடுத்து மேலே வந்து உட்கார்ந்தார். பெண் உள்ளே ஓடி மோர் கொண்டுவந்தாள். நாங்கள் கேள்வி கேட்டோம். பாவு எத்தனை இழை, ஜரிகை எங்கிருந்து வருகிறது, பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை எப்படிப் பிணைப்பீர்கள்? அவர் பிணைத்தே காட்டினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு; இரண்டு இழை ஒன்றாகிவிட்டது. முடிச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. “இன்னொரு வாட்டி” என்றார் எங்களில் ஒருவர், படம் பிடிக்க. இன்னொரு வாட்டி செய்தார். அதற்குப் பிறகு தறியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேறொருவர் ஆசைப்பட்டார். அதற்கும் இடம் விட்டார்கள்.

கிளம்பும்போது, “உங்க வேலையைக் கெடுத்துட்டோமே அம்மா” என்று யாரோ சொன்னதற்கு அவர், “அதனால என்னங்க, ராத்திரி கொஞ்சம் கூட உக்காந்தா ஆச்சு” என்றார்.

உபசாரமாகச் சொன்னதுதான். ஆனால் அதில் கணக்கு இருக்கிறது. நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அறுத்துக் கொடுத்தால் காசு. தறி நின்ற ஒரு மணி நேரத்தை முதலாளியோ சங்கமோ கொடுப்பதில்லை. அவருடைய தூக்கத்திலிருந்துதான் போகிறது. கோர்வைக்கு நாடா வாங்கும் பெண்ணின் நேரமும் அதில் சேர்த்தி, அதற்குத் தனிக் கூலியே கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். வந்தவர்களுக்கு மோர் கொடுப்பதும் அவர்கள்தான், ராத்திரி கூட உட்காருவதும் அவர்கள்தான்.

அவுரித் தொட்டி நமக்காக நிற்பதில்லை, அதனால் நம்மால் அங்கே நஷ்டம் இல்லை. ஆரோவில்லில் நேரத்துக்கு விலை குறித்திருக்கிறார்கள், கொடுத்துவிடுகிறோம். சிறுவந்தாட்டில் விலை குறிக்கவில்லை என்பதால் இனாம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆட்டோவை நிறுத்திவைத்தால் வெயிட்டிங் சார்ஜ் என்ன என்று இறங்கும்போதே கேட்கிற நாம், தறியை நிறுத்திவைத்துவிட்டு “அருமையான கலை, அழிய விடக் கூடாது” என்று பாராட்டிவிட்டு வண்டி ஏறுகிறோம். புடவை வாங்கினால் மட்டும் கணக்கு நேராகிவிடும் என்றும் சொல்ல முடியாது. புடவை விலையில் அவருக்கு வருவது நெய்த நேரத்துக்கான கூலி. நிறுத்திய நேரம் அதில் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். பொருளின் பெயரை வேறு ஊர்க்காரன் போட்டு விற்காமல் அது காக்கும். செய்கிறவரின் நேரத்தைக் காக்க அப்படி ஒரு முத்திரை இல்லை. அது போகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

இதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போய்ப் பார்க்காத தொழிலுக்கு நாம் கொடுக்கும் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு கோர்வை வாங்குவதை நேரில் பார்த்தவர்கள் அப்புறம் கடையில் கைத்தறிப் பட்டைப் பேரம் பேசக் கொஞ்சம் தயங்குகிறார்கள். தீவுக்குப் போகிற அந்தச் சுற்றுலாக்காரர்கள் கூட்டத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. தறி இருக்கும் கூடத்தில் ஐந்தாறு பேர்தான் நிற்கலாம். அதற்கு மேல் போனால் வீட்டுக்காரர்கள் வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆகவே விழுப்புரம் பக்கம் வருகிறவர்கள் வேனை எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். அடைமழைக் காலத்தில் வேண்டாம். குழித்தறியில் ஈரம் ஏறிப் பாவோடு அவர்கள் மல்லுக்கட்டும் நேரம் அது. முகூர்த்த மாதங்களிலும் வேண்டாம். ஆர்டர் தலைக்கு மேல் இருக்கும். தறி எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதற்கு ஒரு தொகையை உள்ளே நுழையும் முன்பே பேசி, நெய்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், கொடுத்துவிட்டு வாருங்கள்.