அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்



மத்ரஸாவில் கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி காதல் கதைகளைப் பற்றி எழுத வந்திருக்கிறான் என்றால் உங்களில் சிலர் நெற்றியைச் சுருக்குவீர்கள். சில வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் சுருக்கினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். என் தங்கச்சியிடம் அனுமதி கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். "எழுதுங்க காக்கா, ஆனா எண்ட பேரைப் போடாதீங்க. அது எண்ட புத்தகத்தில இருக்கு, அங்க இருந்தாப் போதும்" என்றாள்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. நாட்டில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த நாட்கள். இஷாத் தொழுதுவிட்டு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு உம்மாவைப் பார்க்கப் போனேன். எங்கள் கல்முனைக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிறந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. உம்மா அவளோடு இருக்கிறார். மச்சான் கத்தாரில். அவர்களுடைய மகனுக்கு அப்போது மூன்று வயது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தங்கச்சியின் குரல் கேட்டது. யாரோ ஒரு பெண் தன் கணவனுக்கு மனதைத் திறந்து பேசுகிறாள். "நீங்க போன நாளிலிருந்து கடிகாரத்தில இரண்டரை மணித்தியாலத்தைக் கழிச்சுக் கழிச்சுத்தான் நான் சீவிக்கிறேன்" என்கிறாள். மச்சானோடு தொலைபேசியில் பேசுகிறாள் என்று நினைத்து, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட வெட்கத்தில் முற்றத்துக்குத் திரும்பினேன். அப்போது உம்மாவின் குரல்: "பொறு மகள், அவன் அதுக்கு என்ன சொன்னான்? அதை வாசி."

மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியை வைத்துக்கொண்டு அவள் உம்மாவுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளே எழுதிய கதை. நிக்காஹ் முடிந்து நாற்பதாம் நாள் கத்தாருக்குப் போன ஒருவனும், அவன் முகமே சரியாக மனதில் பதியாத அவனுடைய மனைவியும், தொலைபேசியில் ஒருவரையொருவர் காதலிக்கத் தொடங்குவதுதான் அதன் சாரம். கொப்பியின் பாதிப் பக்கங்களில் பிள்ளை நிறப் பென்சிலால் கீறி வைத்திருந்தான். அவன் உறங்கிய பிறகு எழுதுவாளாம்; பிறகு அதையே கைபேசியில் தட்டச்சுச் செய்வாளாம். ஒரு வருடமாக நடக்கிறதாம்.

அன்றிரவு நான் எதுவும் பேசவில்லை. மறுநாள் பேசினேன். "இதெல்லாம் நமக்குத் தேவையா? மச்சான் தூரத்தில் இருக்கிறார். ஊர் என்ன சொல்லும்? மௌலவிட தங்கச்சி காதல் கதை எழுதுறாளாம் எண்டுதானே சொல்லும்?" என்றேன். சகோதரிகளே, இந்த வாக்கியத்தில் மார்க்கம் எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். எனக்கு என் பெயரைப் பற்றித்தான் பயம். அதை மார்க்கத்தின் பயம் போலச் சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. "மச்சானுக்குத் தெரியும் காக்கா. அவர்தான் முதல்ல வாசிக்கிற ஆள். அவர்ட றூம்ல இருக்கிற ஆக்களுக்கும் வாசிச்சுக் காட்டுறாராம்" என்றாள். எனக்கு மட்டுந்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முகீத், பரீரா கதையை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கதானே?"

உங்களில் பலருக்கு அந்த ஹதீஸ் தெரிந்திருக்கும். புகாரியில் வருகிறது. பரீரா (ரலி) அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கணவர் முகீத் அடிமையாகவே இருந்தார். விடுதலையானதும் அந்தத் திருமணத்தில் நீடிப்பதா விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமை பரீராவுக்குக் கிடைத்தது. அவர் விலகினார். முகீத் அவருக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு அலைந்தார்; கண்ணீர் தாடியில் வழிந்தது. நபி (ஸல்) அவர்கள் பரீராவிடம் அவருக்காகப் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார்.

இந்த ஹதீஸை நான் வருடா வருடம் ஓதிக்கொடுக்கிறேன். விடுதலையான பெண்ணின் தெரிவுரிமை என்ற சட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். தாடியில் வழிந்த அந்தக் கண்ணீரில் ஒரு நாளும் பாடத்தை நிறுத்தியதில்லை. என் தங்கச்சி பதினைந்து வயதில் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றிருக்கிறாள். கதையில் ஏழாம் அத்தியாயத்தில் அந்த மனைவி கணவனிடம், "பெருநாளைக்கு நீங்க வரத் தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறாள். அந்த இடத்தை எடுத்துவிடு, பெண்பிள்ளை அப்படிப் பேசலாமா என்றேன். எடுக்க மாட்டேன் என்றாள். புத்தகத்தில் அது அப்படியேதான் இருக்கிறது. இப்போது வாசிக்கும்போது கதையின் உயிரே அதில்தான் இருப்பதாகப் படுகிறது.

உம்மாவும் விடவில்லை. "நீ மௌலவியாகுறதுக்கு முதலே நாங்க கவி படிச்ச ஆக்கள் மகன்" என்றார். எங்கள் கரையின் கவிகளை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். வயல் காவலில் பரணில் இருந்தவன் பாடியதும், வேலிக்கு இப்பால் இருந்த பெண் பதில் கட்டியதும் பெரும்பாலும் காதல் கவிதான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் எவ்வளவோ மண்ணோடு போயிருக்கும். உம்மா அன்று நாலைந்து கவி சொன்னார். ஒன்றை நடுவில் நிறுத்தி, "இது உனக்கு வேணாம்" என்று சிரித்தார்.

அதன் பிறகுதான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். குர்துபாவின் பெரும் சட்ட அறிஞர் இப்னு ஹஸ்ம் காதலைப் பற்றியே 'தவ்குல் ஹமாமா' என்ற நூலை எழுதியவர். அவருடைய சட்ட முடிவுகளைப் படித்த அளவுக்கு அந்த நூலை நாங்கள் எவரும் தொட்டதில்லை. நமது நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் எழுதியவரும் நம் சித்தி லெப்பைதான்.

இவர்கள் எல்லோரும் ஆண்கள். என் மனதில் தங்கியவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயதில் திருமணம், இளம் வயதிலேயே விதவை. அந்த வீட்டுக்குள் இருந்தபடி அவர் எழுதிய நாவல் 1938இல் வெளிவந்தது. பெயர் 'காதலா? கடமையா?' அட்டையில் 'காதல்' என்ற சொல்லும் ஒரு முஸ்லிம் பெண்ணின் சொந்தப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்! உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மையார் 1998 வரை வாழ்ந்தார். அதாவது நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். எங்களுக்கு யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

இன்னொருவர் சென்னை வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960). கதை சொல்லத் தெரிந்த அவருக்குத் தொடக்கத்தில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தானே எடுத்து நடத்தி, அச்சகமும் வைத்து, 115 நாவல்கள் எழுதினார். எந்தப் பதிப்பாளரின் வாசலிலும் காத்து நிற்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அந்தத் தோழிதான். ஒருத்தி எழுத்தாளராவதற்கு இன்னொருத்தி பேனையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு பெரிய தீர்ப்பு வழங்குபவன் போலத் தங்கச்சியிடம் போனேன். "எழுது மகள், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "சந்தோஷம் காக்கா. ஆனா நீங்க சரியெண்டு சொன்னா எனக்கு எழுத நேரம் வருமா?" என்றாள்.

சகோதரிகளே, நான் அவளுக்கு முன்னால் இருந்த பெரிய தடை என் சம்மதமின்மை என்று எண்ணியிருந்தேன். அவளோ அதைப் பற்றிப் பெரிதாக நினைக்கவே இல்லை. பிள்ளை உறங்குவது இரவு பத்து மணிக்கு. ஸுபஹுக்கு முன்பு அவளும் எழும்ப வேண்டும். இடையில் தலை தொங்கத் தொங்க எழுதுகிறாள்.

மறுநாள் அஸர் தொழுத கையோடு போய் மருமகனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மஃரிபுக்குத்தான் திரும்பினேன். அன்று தொடங்கியது. முதல் கிழமை எனக்குப் பொறுமை போதவில்லை. அவன் ஒவ்வொரு தோணிக்கும் பெயர் கேட்பான். கச்சான் வாங்கிக் கொடுத்தால் கோதையும் சேர்த்து விழுங்கப் பார்ப்பான். "மௌலவி, என்ன, புள்ளை பார்க்கிற வேலையா?" என்று வலை இழுக்கிறவர்கள் கேட்டார்கள். தொப்பியும் ஜுப்பாவுமாக ஒருவன் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

சிரிக்காதவர் என் மனைவி ஒருவர்தான். ஒரு மாதம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "நம்மட நாலு புள்ளையளையும் ஒரு நாளாவது இப்படித் தூக்கிட்டுப் போனீங்களா?"

போனதில்லை. பாடம், பயான், கூட்டம் என்று ஒவ்வொரு பிள்ளையின் மூன்று வயதும் போய்விட்டது. அவர் அதோடு நிறுத்தவில்லை. "நானும் கலியாணத்துக்கு முதல் வானொலியில மாதர் மஜ்லிசுக்கு எழுதின ஆள்தான்" என்றார். முஸ்லிம் சேவையில் அந்த நிகழ்ச்சியை நம் வீடுகளில் எத்தனை பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் என் மனைவியின் பெயர் வாசிக்கப்பட்டிருக்கிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன்; நான் கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்.

கதை முடிந்தது. அச்சிடப் போனால் கடதாசி இல்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பரீட்சைகளே தள்ளிப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போதாததற்கு ஓர் அச்சகத்தார் தலைப்பிலுள்ள 'காதல்' என்ற சொல்லை எடுத்தால் நல்லது என்று எனக்கு உபதேசம் செய்தார். கொஞ்ச நாளைக்கு முன்பு நான் பேசிய பேச்சு அப்படியே அவர் வாயால் வந்தது.

எனவே அவள் அமேசானின் கிண்டிலில் மின்னூலாகத் தானே வெளியிட்டாள். தமிழ் நூல்களையும் அங்கு ஏற்கிறார்கள். அட்டைப் படத்தை ஒரு பக்கத்து வீட்டு மாணவி செய்து கொடுத்தாள். ஒப்பந்தத்தை மட்டும் நான் வாசித்தேன். கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்துபவனுக்கு நிபந்தனைகளைத் துருவுவது பழக்கம் அல்லவா? மாதச் சந்தா கட்டி வாசிப்போருக்கான திட்டத்தில் சேர்த்தால், வாசிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் காசு. சந்தாவில் எடுத்துவிட்டு வாசிக்காமல் வைத்தால் எழுதியவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் இலவசமாகக்கூட வைக்கக்கூடாது. தங்கச்சியோ முதல் ஐந்து அத்தியாயங்களை வேறு ஒரு செயலியில் ஏற்கனவே போட்டிருந்தாள். எடுத்துவிட்டுத்தான் சேர்த்தோம். கைபேசியில் எழுதும் சகோதரிகள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்; பொத்தானை அழுத்தினாலும் அது ஒப்பந்தம்தான்.

முதல் மாதக் கணக்கு ஒரு பால்மாப் பைக்கற்றுக்கும் காணாது. ஆனாலும் ஒவ்வொரு இரவும் இத்தனை பக்கம் வாசிக்கப்பட்டது என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உறங்குவாள். "எங்கயோ ஒரு பொம்புளை இருநூறு பக்கம் வாசிச்சிருக்கா காக்கா" என்பாள். இரண்டாவது கதை வந்த பிறகு முதலாவதற்கும் வாசகர்கள் கூடினார்கள். 2023இல் கடதாசி கிடைத்ததும் மச்சான் அனுப்பிய காசிலும் அவளுடைய உழைப்பிலும் 300 பிரதி அடித்தோம். கொழும்பு தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து 978-624 என்று தொடங்கும் நூல் எண்ணும் வாங்கினாள். வெளியீட்டு விழா வேண்டாம் என்று விட்டாள். நம் ஊர் விழாக்களில் அரசியல்வாதிகள் மூன்று மணி நேரம் பேசுவார்கள், எழுதியவர் ஓரக் கதிரையில் இருப்பார். அவள் சொன்னதில் தவறில்லை. பிரதிகள் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றியே மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை போய்ச் சேர்ந்தன. முதல் பிரதியை உம்மாவின் கையில்தான் கொடுத்தாள். கண்ணில் வெண்புரை இருப்பதால் உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அட்டையை விரலால் தடவி, "பேர் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மருமகன் இப்போது பாடசாலைக்குப் போகிறான். தங்கச்சிக்குக் காலையில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. நான்காவது கதை எழுதுகிறாள். என் மனைவியும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வைத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை, காட்டும்போது பார்ப்பேன். பின்னேரச் சமையலை மகன்மாரிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். சோறு சில நாள் குழைந்து போகிறது.

அஸர் பாங்கு சொல்கிறார்கள். மருமகன் வாசலில் ஒரு காலில் செருப்போடு நிற்கிறான். மற்றதைத் தேட வேண்டும்.