மலையேறும் வண்டியின் வலிமை

எஞ்சினுக்கு இன்னுஞ் சற்று வலிமை ஏற்றினால் என்ன என்பது, மலைநாட்டில் வண்டி வைத்திருப்போர் யாவரும் என்றேனும் ஒருநாள் எழுப்பும் வினாவாகும். மேட்டுப்பாளையத்தினின்று 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து குன்னூருக்கு ஏறும் சாலையில், பாரமேற்றிய வண்டி மூச்சுத் திணறுங்கால் அவ்வாசை எழுவது இயல்பே. அருவங்காட்டிற் பிறந்து வளர்ந்த யான் இவ்வினாவை எம் இல்லத்திலேயே கேட்டிருக்கின்றேன். எனது சிறிய தகப்பனார் கேத்திப் பள்ளத்தாக்கின் காரட்டைக் கீழேயுள்ள மண்டிக்குக் கொண்டுசென்று, திரும்புகையில் எருமூட்டைகளை ஏற்றிவருந் தொழிலினர். இடது முழங்கால் தேய்ந்தமையால் கிளட்ச் மிதிக்க இயலாதவராய், கடன்பட்டு, தானியங்கிக் கியர் பொருந்திய பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். அதன் கியர்ப்பெட்டி கெடுமாயின் மாற்றுவதற்குக் கையிற் பணமில்லை. கிளட்ச் வண்டிக்குத் திரும்பவோ காலில்லை. ஆதலின் அவருக்கு இது பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று.

சமவெளியிலுள்ள பட்டறைக்காரர் ஒருவர் தீப்பெட்டியினும் சற்றே பெரிதான ஒரு கருவியைக் காட்டி, இதை எஞ்சினிற் செருகிவிட்டால் குதிரைத்திறன் நாலிலொரு பங்கு கூடும் என்றார். செருகிய முதல் வாரம் சிறிய தகப்பனார்க்கு ஆனந்தம். இரண்டாம் வாரம் பர்லியாற்றுக்கு மேலே ஒரு வளைவில் எஞ்சின் உறுமியது. வண்டியோ அதற்கேற்ப நகரவில்லை. கருகிய நாற்றம் ஒன்றும் எழுந்தது. கருவியை அன்றே பிடுங்கியெறிந்தார். அந்நாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய விரும்பியே யான் இவ்விஷயத்தைக் கற்கத் தொடங்கினேன்.

எஞ்சினுக்கு அடுத்து நிற்பது டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்று மற்றதையும் சுழற்றுமன்றோ? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இடையிலுள்ள ஸ்டேட்டர் என்னும் மூன்றாஞ் சக்கரம் எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடுதலால், வண்டி கிளம்பும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இருமடங்காகிறது. ஏற்றத்தில் நின்ற வண்டி எளிதிற் புறப்படுவது இதனாலேயே. ஆயினும் இரு சக்கரங்களும் ஒரே வேகத்திற் சுழலாதவரை, சக்தியில் ஒரு பகுதி எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. சமவெளியில் வேகம் பிடித்தபின் லாக்கப் கிளட்ச் என்பது இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவுதோறும் ஊர்ந்தேறும் வண்டிக்கு அப்பூட்டு விழுவதும் விடுபடுவதுமாகவே இருக்கும். கன்வெர்ட்டருக்கு அப்பால் பற்சக்கரக் கூட்டங்களும், அவற்றைப் பிடித்தும் விட்டும் கியரை மாற்றுகிற மெல்லிய கிளட்ச் தகடுகளும் உள்ளன. அத்தகடுகளை நெருக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தமேயாம்.

அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கியர்ப்பெட்டியின் கணினி முடிவு செய்கிறது. எஞ்சினின் கணினி, தான் இப்போது இத்துணை முறுக்குவிசை தருவதாகச் சொல்லும் கணக்கை நம்பியே அம்முடிவு செய்யப்படுகிறது. மேற்சொன்ன கருவியோ டீசல் குழாயின் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும் பொய்ச்சாட்சி. அழுத்தம் போதாதென்று எண்ணி எஞ்சின் அதனை உயர்த்த, டீசல் மிகுதியாகப் பாய்கிறது. கியர்ப்பெட்டிக்குப் போகும் கணக்கில் மட்டும் பழைய அளவே நிற்கிறது. அதனை நம்பித் தகடுகள் பழைய இறுக்கத்தோடே பிடிக்கப்பட, மிகுந்த விசையைத் தாங்காமல் அவை வழுக்குகின்றன, வழுக்குதலால் சூடேறுகின்றன, சூட்டினால் எண்ணெய் கருகுகிறது. பர்லியாற்றில் எழுந்த நாற்றம் இதுவே.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. தகடுகளை வருத்துவது முறுக்குவிசையே. ஆகவே குறைந்த சுழற்சியிலேயே விசையைத் திடீரெனக் கூட்டாமல், எஞ்சின் நன்கு சுழலத் தொடங்கியபின் சிறிது சிறிதாகக் கூட்டினால், திறன் பெருகினும் கியர்ப்பெட்டி பிழைத்திருக்கும். எங்களூர்த் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டும் இவ்வுண்மையின்மேல் எழுந்ததே. 1889இல் உருவான அவ்வெடிமருந்தைக் கயிறுபோல் நீட்டி வார்த்தமைக்குக் காரணம், அது ஒரே கணத்தில் வெடியாது புறப்பரப்பினின்று படிப்படியாக எரிந்து, குழலைப் பிளக்காமல் குண்டைத் தள்ளவேண்டும் என்பதே.

எங்களூர் வழியே செல்லும் மலை ரயிலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 12 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில், சுவிட்சர்லாந்திற் செய்யப்பட்டு 1914 முதல் வந்த எக்ஸ் வகை எஞ்சின்களுக்கு நான்கு சிலிண்டர்கள் வைத்தனர். இரண்டு சாதாரணச் சக்கரங்களை இயக்கும். அவற்றினின்று வெளிப்படும் நீராவியே மற்ற இரண்டிற் புகுந்து, தண்டவாளங்களுக்கு நடுவேயுள்ள பல்வரிசையைப் பற்றும் சக்கரங்களைச் சுழற்றும். வழுவழுப்பான சக்கரம் ஒன்றே முழு விசையையும் ஏற்றால் வழுக்கும் என்று அறிந்து, பாரத்தைப் பங்கிட்ட உபாயம் அது. இக்காலத்துப் பிக்கப் செய்வோரும் இதை மறந்தாரிலர். 2022இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில், எஞ்சின் ஒன்றே, குதிரைத்திறன் 204 என்பதும் ஒன்றே. ஆயினும் தானியங்கிக் கியருக்கு 500 நியூட்டன் மீட்டரும், கையால் மாற்றும் கியருக்கு 420 நியூட்டன் மீட்டருமாக முறுக்குவிசையை வகுத்துள்ளனர். கியர்ப்பெட்டியை நோக்கியே எஞ்சினுக்கு எல்லை கட்டினர் என்று யான் கொள்கின்றேன்.

ஆயின் வலிமை கூட்டவே ஒண்ணாதோ எனின், ஒண்ணும். எஞ்சின் கணினியையும் கியர்ப்பெட்டிக் கணினியையும் ஒருங்கே திருத்தி, உண்மைக் கணக்கைச் சொல்லவைத்து, எண்ணெயழுத்தத்தை அதற்கேற்ப உயர்த்தி, கியர் மாறும் கணத்தில் எஞ்சின் விசையைத் தாழ்த்தும் ஏற்பாட்டையும் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னதாக வெப்பத்துக்கு வழி செய்யவேண்டும். இம்முறையைத் தலைகீழாகச் செய்வோரே பெரும்பாலார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியைத் திருத்துவதைத் தடுக்கின்றது என்பதையும் நினைவிற்கொள்ளல் நன்று.

சிறிய தகப்பனார் வெப்பத்தினின்றே தொடங்கினார். கியரெண்ணெய் முழுதையும் மாற்றி, ரேடியேட்டருக்கு முன்னே அதற்கெனத் தனிக் கூலர் ஒன்றைப் பொருத்தி, எண்ணெயின் சூட்டைக் காட்டும் மானியையும் கண்ணெதிரே வைத்தார். 80 முதல் 95 டிகிரி வரை கவலையில்லை. 120ஐத் தாண்டின் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவைப்பார். ஏற்றத்தில் கியரைத் தாமே இரண்டில் நிறுத்திக்கொள்கிறார். பெட்டி இரண்டுக்கும் மூன்றுக்குமாக ஓயாது அலைவது நின்றது. இறக்கத்திலும் அவ்வாறே, பிரேக்கும் பிழைத்தது. எருமூட்டைகளில் நான்கைக் குறைத்தார். அதுமட்டும் அவர்க்கு இன்னும் வருத்தமே.

சென்ற மாதம் எண்ணெயைச் சோதித்தபோது அது செந்நிறம் மாறாமலே இருந்ததாம். கூலர்தான் வந்துவிட்டதே, இனி அப்பத்திலொரு பங்காவது கூட்டலாமா என்று என்னை மறுபடியும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.