தோற்ற அணியின் தலைவன்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, எம் மனக்கண்முன் முதலில் வந்து நின்றவை மண்டபச் சுவரிலே தொங்கும் அணிப் படங்களும், கண்ணாடிப் பேழையில் இருக்கும் வெற்றிக் கிண்ணங்களுமே. அவற்றைப் பற்றி எழுதுதற்குப் பழைய மாணவரிற் பலர் உளர். ஓட்டங்களின் தொகையும் ஆண்டுகளும் அவர்க்கு மனப்பாடம். யாமோ, தொடர்ந்து 999 ஆட்டங்களிலே தோற்ற ஓர் அணியைப் பற்றிச் சில சொல்ல விழைந்தோம். தமிழாசிரியனுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று உடற்கல்வி ஆசிரியர் நகைக்கவும் கூடும். அன்பர்கள் பொறுத்தருள்க.

அவ்வணி அமெரிக்கக் கார்ட்டூன் படம் ஒன்றிலே வருவது. 'சார்லி பிரவுண்ஸ் ஆல் ஸ்டார்ஸ்' என்பது படத்தின் பெயர். 1966ஆம் ஆண்டு யூன் 8ஆம் நாள் அந்நாட்டுத் தொலைக்காட்சியிலே முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. அரைமணி நேரப் படமே. அக்காலத்தில் இலங்கையிலே தொலைக்காட்சி என்பதே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினி 1982இலுமே தோன்றின. கனடாவிலே குடியிருக்கும் எம் தமக்கையார் அனுப்பிவைத்தமையால் அதனை யாம் அண்மையிலேதான் கண்டோம்.

இப்படத்துக்கு மூலம் பத்திரிகைச் சித்திரத் தொடர் ஒன்று. சார்ல்ஸ் ஷுல்ஸ் என்பார் 1950 ஒக்டோபர் 2ஆம் நாள் ஏழு பத்திரிகைகளிலே அதனைத் தொடங்கினார். 'பீநட்ஸ்' என்பது அதன் பெயர், நம்மூர்க் கச்சான்தான். பெயரை இட்டவர் அவரல்லர், வெளியீட்டு நிறுவனத்தார். அது அவர்க்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிறர் கையை நாடாது தாமே வரைந்தார். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அவர் காலமானார். மறுநாட் காலையிலே அவருடைய கடைசி ஞாயிற்றுச் சித்திரம் வெளிவந்தது. கற்பனைக்கு எட்டாத பொருத்தம் அது.

எமது நாட்டு எல்லே விளையாட்டை அறிந்தவர்க்குப் பேஸ்போல் முற்றும் அந்நியமன்று. கோலாற் பந்தை அடித்துவிட்டு, குறித்த நிலைகளைத் தொட்டுச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். எல்லேயிலே பந்தைப் போட்டுக் கொடுப்பவர் அடிப்பவரின் கட்சியார்; பேஸ்போலிலே அவர் எதிர்க்கட்சியார். சார்லி பிரவுண் என்னும் மொட்டைத் தலைச் சிறுவனே அவனது அணிக்குத் தலைவனும் பந்தெறிபவனும் ஆவான். இரண்டு வேலையிலும் அவன் சோபிப்பதில்லை. பருவத்தின் முதல் ஆட்டத்திலும் தோற்றவுடன் தோழர்கள் அவனைக் கைவிட்டு நீங்குகின்றனர். அந்நேரத்தில் ஹெனெசி என்னும் இரும்புக்கடைக்காரர், அணிக்குச் சீருடை தந்து முறையான சங்கத்திலே சேர்ப்பதாகச் சொல்லியனுப்புகிறார். சீருடை என்றதும் எல்லாரும் ஓடிவந்து சேர்ந்துகொள்கின்றனர். பிறகுதான் நிபந்தனை வெளியாகிறது: அச்சங்கத்திலே பெண்பிள்ளைகளுக்கும் நாய்க்கும் இடமில்லை. சார்லியின் அணியிலே லூசி முதலான பெண்பிள்ளைகள் பலர். அவனுடைய நாய் ஸ்னூப்பியோ அணியிலே மிகச் சிறந்த ஆட்டக்காரன். சார்லி சீருடை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். உரத்த வசனம் இல்லை. பெரியவர் எவரும் திரையிலே தோன்றுவதும் இல்லை. ஒரு சிறுவன் தான் மிக விரும்பிய பொருளைத் தானே மறுக்கிறான், அவ்வளவே.

அவ்விடத்திலே யாம் படத்தைச் சற்று நிறுத்திவைத்தோம். காரணம் உண்டு.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்ட பின், எமது ஒழுங்கையிலே பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. படகேறி இந்தியா போனவர் சிலர். வேற்றூர் சென்று திரும்பாதவர் சிலர். மாலை வேளைகளிலே டச்சுக் குடாக் கடற்கரையில் எல்லே ஆடுதற்கு ஆள் போதவில்லை. ஆகவே அக்காமாரும் தங்கச்சிமாரும் அணியிலே சேர்ந்தனர். எவரும் அதனைப் புதுமையாகக் கருதவில்லை. ஆள் குறைந்தது, ஆள் சேர்ந்தது. எம் தமக்கையார் அடித்த பந்து பலமுறை கடலிலே விழும். விழுந்தால் நீந்திச் சென்று எடுத்து வருபவரும் அவரே.

சில ஆண்டுகளின் பின் பெரியவர் ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தாம், ஒழுங்கை அணிக்குச் சட்டை தைத்துத் தந்து போட்டியொன்றிலே சேர்த்துவிட்டார். பட்டியலிலே பெண்பெயர் ஒன்றேனும் இல்லை. வயது போதாதென்று எம் பெயரும் இல்லை. யாமும் தமக்கையாரும் மதிற்கட்டில் இருந்து பார்த்தோம். சட்டைகள் நீலநிறம். அணி வென்றது. மறுநாள் தொடக்கம் அவர் கடற்கரைக்கு வரவில்லை. வீட்டிலே கேட்டதற்குப் படிக்க இருக்கிறது என்றார். படத்தோடு அனுப்பிய குறிப்பிலும் அவர் பழங்கதை பேசவில்லை. "இதில் ஒருவன் சட்டையை வேண்டாமென்கிறான், பார்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நிற்க. ஹெனெசி சொன்ன நிபந்தனை கதைக்காகப் புனைந்தது அன்று. அமெரிக்கச் சிறுவர்க்கான 'லிட்டில் லீக்' என்னும் பேஸ்போற் சங்கம் 1939இலே தொடங்கியது. 1950இலே கத்ரின் ஜோன்ஸ்ரன் என்னும் சிறுமி ஆண்பிள்ளை வேடத்திலே சேர்ந்து ஆடினாள். அதன் பின் பெண்பிள்ளைகள் ஆடலாகாது என்று வெளிப்படையாகவே விதி செய்தனர். 1972இலே நியூஜேர்சி மாநிலத்து ஹொபோக்கன் நகரில் மரியா பெப்பே என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடியதன் மேல் விலக்கப்பட்டாள். வழக்கு நடந்தது. 1974இலே விதி மாறிற்று. வழக்கு வென்றபோது மரியாவுக்கு ஆடும் வயது கடந்துவிட்டது. சார்லி பிரவுண் மறுத்தது விதி மாறுதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர் என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். நீதிமன்றம் சொல்லியன்று, தன் தோழர் முகத்தை நினைத்தே அவன் மறுத்தான்.

இனிக் கதையின் பிற்பகுதி. மறுத்ததை அவன் தோழர்க்கு உடனே சொல்லவில்லை. சீருடை கிடைக்கும் என்ற எண்ணத்தால் அடுத்த ஆட்டத்தில் ஊக்கத்தோடு ஆடுவார்கள், வென்றபின் சொல்லலாம் என்று கருதினான். அவர்களும் நன்றாகவே ஆடினர். பந்து அடிபடுமுன்னரே அடுத்த நிலைக்கு ஓடிவிடும் 'களவோட்டம்' என்றொரு வழி அவ்விளையாட்டில் உண்டு. அவ்வாறு ஓடி ஸ்னூப்பி ஓர் ஓட்டம் பெற்றது. இறுதியிலே சார்லியும் அவ்வாறே ஓடினான், ஆட்டமிழந்தான். தோல்வி!

இப்படத்தை எம் வகுப்பு மாணவர்க்குக் காட்டி, ஆங்கிலப் பேச்சை இடையிடையே தமிழிலே சொல்லி வந்தோம். இவ்விடத்திலே வகுப்பு இரண்டு கட்சியாயிற்று. மறைத்தது பொய்யே என்றான் ஒருவன். முன்னரே சொல்லியிருந்தால் ஒருவரும் ஆட வந்திருக்கமாட்டார் என்றான் மற்றொருவன். வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே தீங்கின்மையை முன்வைத்ததை ஒரு மாணவன் நினைவூட்டியபோது எமக்கு உவகை பெருகிற்று. பாடம் வீண்போகவில்லை அன்றோ. ஆயினும் எம்மை நிமிரச் செய்தது, வாய் திறவாதிருந்த ஒருவனின் கேள்வி. "சேர், பெட்டைப் பிள்ளையளையும் நாயையும் அவர் ஏன் ஒரே மூச்சில சொல்லுறார்?" வகுப்பு அமைதியாயிற்று. அக்கேள்விக்கு விடை கூறும் உரையாசிரியர் எவரையும் யாம் அறியோம்.

மறுத்த செய்தியைக் கேட்ட பெண்பிள்ளைகள் சார்லியை ஏசுகின்றனர். காரணம் அவர்களுக்குத் தெரியாது. லைனஸ், ஷ்ரோடர் என்னும் இரு நண்பர் உண்மையைச் சொன்னபின்னரே அவர்கள் நாணுகின்றனர். சார்லி தன் வாயாற் சொல்லிப் பெருமை தேடினானல்லன். இதுவே எம் கருத்திலே படத்தின் உயிர்நிலை. பின்னர் அவனுக்கு ஒரு சீருடை தைக்கின்றனர். துணி ஏது? லைனஸ் எந்நேரமும் கன்னத்தோடு அணைத்து வைத்திருக்கும் நீலப் போர்வையை வெட்டியே தைக்கின்றனர். அதனை இழத்தல் லைனஸுக்கு எத்துணைத் துன்பம் என்பதைச் சித்திரத்தொடர் படித்தவர் அறிவர். முன்புறத்திலே 'எங்கள் தலைவன்' என்னும் பொருள்பட எழுதி அவனுக்கு அணிவிக்கின்றனர்.

இரக்கத்தாலேனும் ஒரு வெற்றியைக் கொடுத்துக் கதையை முடித்திருக்கலாம், ஷுல்ஸ் கொடுக்கவில்லை. பத்திரிகைத் தொடரிலும் சார்லி தன் அடியால் ஓர் ஆட்டத்தை வெல்லுதற்கு 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. படத்திலோ அடுத்த நாள் மழை. ஆட்டம் இல்லை. புதுச் சட்டையணிந்து பந்தெறியும் மேட்டிலே தனியே நனைந்து நிற்கிறான் சார்லி. லைனஸ் மெல்ல வந்து, அவன் சட்டையின் தொங்கலைப் பற்றிக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு அருகே நிற்கிறான்.

எம் மாணவர் அதுவரை சிரித்தவர், அங்கே சிரிக்கவில்லை. பாடம் முடியும் மணி அடித்தது. பின்வாங்கிலிலிருந்து ஒருவன் விரல் மடித்து எண்ணிவிட்டு எழுந்தான்.

"சேர், அப்ப இதோட ஆயிரம். ஆயிரத்தோராவது ஆட்டம் எப்ப?"